ஏழு உயிர் அண்டர்டேக்கரும் எட்டு எம்பி கார்டும்

மல்யுத்த வீரர் அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். யார் சொன்னது, எதில் போட்டிருக்கிறது என்று கேட்பவனை அன்றைக்கு ஆட்டத்தில் சேர்க்க மாட்டோம். ட்ரம்ப் கார்டு விற்ற பெட்டிக்கடைக்காரரில் தொடங்கி கேபிள் டிவி அண்ணன் வரை மதுரையில் எல்லாருக்கும் தெரிந்த சேதி அது. மனிதர் 2020-இல் ஓய்வு பெற்று, இப்போதும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார். அவரை நாங்கள் ஆட்டிவைத்த விளையாட்டுக்குத்தான் ஒரே உயிர். அதுவும் பழைய பெட்டி ஒன்றுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர வழியில்லாமல் கிடக்கிறது.

'ஸ்மாக்டவுன்: ஹியர் கம்ஸ் த பெய்ன்' என்று பெயர். 2003 கடைசியில் வந்தது. ஜப்பானின் யூக்ஸ் நிறுவனம் உருவாக்க, அமெரிக்காவின் டிஎச்க்யூ வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 2-க்கு மட்டும். அதற்குப் பிறகு எத்தனையோ பெட்டிகள் வந்துவிட்டன. இது எதிலும் வரவில்லை. மல்யுத்த விளையாட்டுகளில் இதற்கு ஈடு இன்னும் வரவில்லை என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் இருக்கலாம். அவர்கள் இதை ஆடியிருக்க மாட்டார்கள்.

அன்று இதை ஆட டிஸ்க் வேண்டாம், பிஎஸ்2-வும் வேண்டாம், இருபது ரூபாய் இருந்தால் போதும். வெளியே 'ஜெராக்ஸ், லேமினேஷன்' என்று பலகை தொங்கும்; உள்ளே தட்டி அடித்த பின்கட்டில் மூன்று டிவி, மூன்று பிஎஸ்2, ஒரே ஒரு மின்விசிறி. விசிறி டிவியின் பக்கம்தான் திரும்பியிருக்கும், பையன்கள் பக்கம் அல்ல. பெட்டிகள் எல்லாம் நகல் டிஸ்க்கும் ஓடும்படி 'சிப் போட்டது'. டிஸ்க்குகள் சென்னையிலிருந்து பாலித்தீன் உறையில் வரும். மேலே நீல மார்க்கர் பேனாவில் 'ரெஸ்லிங்', 'கார்', 'கார் புதுசு' என்று கடைக்கார அண்ணன் கையால் எழுதியிருப்பார். விளையாட்டின் முழுப்பெயர் எங்களுக்குத் தெரியவந்ததே பல வருடம் கழித்துத்தான். அதுவரை அது 'ரெஸ்லிங்'. சட்டங்களும் உண்டு: தோத்தவன் எந்திரிக்கணும், கன்ட்ரோலரைக் கீழே போட்டால் பத்து ரூபாய், வீட்டிலிருந்து யாராவது தேடி வந்தால் மீதி நேரத்துக்குக் காசு திரும்பாது.

அந்த ஆட்டத்தின் சூட்சுமம் திரையின் மூலையில் இருந்தது. ஒவ்வொருவனுக்கும் ஒரு சின்ன உடல் படம். தலை, மார்பு, கை, கால் எல்லாம் தனித்தனி. அடி விழ விழ அந்த உறுப்பு நிறம் மாறி, கடைசியில் சிவந்துவிடும். அதனால் கண்ட இடத்தில் அடிப்பவன் தோற்பான். விவரம் தெரிந்தவன் முதலில் இருந்தே ஒரு காலைக் குறிவைப்பான். தூக்கிப் போடுவதும் அந்தக் காலில் விழுகிற மாதிரி, மிதிப்பதும் அந்தக் காலையே. கால் செக்கச் சிவந்ததும் கர்ட் ஆங்கிளின் கணுக்கால் பிடி. எதிரே இருப்பவன் பட்டனைப் பொரிகிற மாதிரி தட்டிக்கொண்டே இருப்பான், பின்னால் நிற்கும் கூட்டம் "விடாத மாப்ள, விடாத" என்று கத்தும், கடைக்கார அண்ணன் முன்கட்டிலிருந்து "டேய், பட்டன் பேந்துரும்டா" என்று கத்துவார். பிடியையும் ரகம் ரகமாகப் பிரித்திருந்தார்கள்: பலத்துக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று, முறுக்குப் பிடிக்கு ஒன்று என்று. பெரிய ஆளை எடுத்தவன்தான் ஜெயிப்பான் என்ற விதியே இல்லை. ஒல்லிப் பையன் ஒருத்தன் ரே மிஸ்டீரியோவை வைத்துக்கொண்டு தெருவையே அழ வைத்தான்.

எங்களுக்கு ஒரே குறை, அண்டர்டேக்கர். தொப்பியும் கறுப்பு அங்கியுமாக வருவார் என்று பார்த்தால் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள்காரர் மாதிரி வந்தார். அந்தக் காலத்தில் நிஜத்திலும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார். பழைய அண்டர்டேக்கரும் டிஸ்க்குள் இருந்தார்; ஆனால் ஆடிச் சம்பாதித்து, ஆட்டத்துக்குள் இருக்கும் கடையில் வாங்க வேண்டும். வாங்கியதைப் பத்திரப்படுத்த மெமரி கார்டு வேண்டும். எட்டு எம்பி கொள்ளளவு. அந்த எட்டு எம்பிக்குள் ஒரு தெருவின் ஜாதகமே இருந்தது: சாம்பியன் பெல்ட் யாரிடம், எவன் எந்த காரை வாங்கியிருக்கிறான், எவன் உருவாக்கிய வீரனுக்கு ரஜினி பெயர். இன்றைக்குச் சில செல்போன்களின் ஒற்றைப் படமே எட்டு எம்பியில் அடங்குவதில்லை.

இப்போது இந்த விளையாட்டை ஏன் யாரும் மறுபடி வெளியிடுவதில்லை? புதுப் பெட்டிக்குத் திறமை போதாதா என்றால், பிஎஸ்2-க்கு இருந்த நினைவகம் 32 எம்பி. இன்றைய பெட்டி அதைத் தூக்கத்திலேயே செய்துவிடும். தடை காகிதத்தில் இருக்கிறது. ஆட்டத்தில் இருந்த பிராக் லெஸ்னர், கோல்ட்பெர்க், ராக், ஸ்டோன் கோல்ட், ஓய்வு பெற்ற பழைய வீரர்கள் என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் ஒப்பந்தம். அவர்கள் மேடைக்கு வரும் பாட்டுக்கு இன்னொன்று. பட்டியலில் கிறிஸ் பென்வா இருக்கிறார். 2007 ஜூனில் மனைவியையும் மகனையும் கொன்றுவிட்டுத் தானும் இறந்தவர். அதன்பின் அவரை மேடையேற்றிய மல்யுத்த நிறுவனம் அவர் பெயரை அநேகமாக உச்சரிப்பதில்லை. வெளியிட்ட டிஎச்க்யூ 2012 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. மறு வருடம் மல்யுத்த விளையாட்டின் உரிமை 2கே நிறுவனத்துக்குப் போனது. அத்தனை கையெழுத்தையும் மறுபடி வாங்கி ஒரு பழைய விளையாட்டை விற்பதைவிட, வருடம் ஒரு புது விளையாட்டை விற்பது லாபம். வியாபாரி கணக்கில் தப்பே இல்லை.

கார் விளையாட்டின் கதையும் இதேதான். 'கிரான் டூரிஸ்மோ 4' 2004 கடைசியில் ஜப்பானில் வந்தது. 700-க்கு மேற்பட்ட கார்கள். அதில் ஒன்று 1886-இல் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டி. அதை ஜெர்மனியின் நுர்பர்கிரிங் பாதையில் ஓட்டலாம். சுற்று ஒன்றுக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். வண்டியின் வேகமோ மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் சுமார். இருபது ரூபாய்க்கு ஒரு மணி நேரம் வாங்கியவனால் ஒரு சுற்றை முடிக்க முடியாது. ஆனாலும் ஒருத்தன் முயன்றான். பின்னால் காத்திருந்தவர்கள் அவனைக் கொல்லாமல் விட்டது மதுரையின் பெருந்தன்மை. இப்படி ஒரு கிறுக்குத்தனத்துக்கு இடம் வைத்த விளையாட்டை எத்தனை கார்க் கம்பெனிகளிடம் போய் மறுபடி அனுமதி கேட்டு வெளியிடுவது? வெளியிடவில்லை. 'டெஃப் ஜாம்: ஃபைட் ஃபார் நியூயார்க்' இன்னும் மோசம். ராப் பாடகர்கள் ஒருவரை ஒருவர் சுவரில் மோதும் சண்டை அது. ஆள், குரல், பாட்டு எல்லாமே ஒப்பந்தம். பாட்டு காலாவதியானால் என்ன ஆகும் என்பதற்கு 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியஸ்' சாட்சி. விளையாட்டு தப்பிப் பிழைத்தது, பிந்திய பதிப்புகளில் வானொலியின் பாட்டுகள் சில காணாமல் போயின. கார் அதே, சாலை அதே, அடுத்து வரவேண்டிய பாட்டு மட்டும் வராது.

ஒப்பந்தச் சிக்கல் பெரிதாக இல்லாமலே அநாதையானதும் உண்டு. கேப்காமின் 'காட் ஹேண்ட்', 2006. ஷின்ஜி மிக்காமி இயக்கியது. தெருச்சண்டை விளையாட்டு, குத்து, உதை வரிசையை நாமே கோத்துக்கொள்ளலாம். நன்றாக ஆடினால் எதிரிகளின் வெறி ஏறும். ஒன்று, இரண்டு, மூன்று, அதற்கும் மேலே 'சாவு' என்றே ஒரு நிலை. தாங்க முடியாவிட்டால் அதற்கும் ஓர் அடவு வைத்திருந்தார்கள்: நாயகன் தடாலென்று காலில் விழுந்து கும்பிடுவான், எதிரிகளின் வெறி இறங்கிவிடும். தமிழ்நாட்டுக்கென்றே யோசித்துச் செய்ததோ என்று எனக்குச் சந்தேகம். இதைச் செய்த குளோவர் ஸ்டூடியோவே அதே வருடம் செய்த 'ஓகாமி' கிடைக்கிற எல்லாப் பெட்டிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. 'காட் ஹேண்ட்' பிஎஸ்3-இன் டவுன்லோடு கடை வரை போய் அங்கேயே நின்றுவிட்டது. ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகளில் ஒன்று கலெக்டர், இன்னொன்று ஊரிலேயே.

உரிமையாளர்கள் வீட்டில் இதெல்லாம் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 'கிங்டம் ஹார்ட்ஸ்' முதல் பாகத்தை மெருகேற்ற உட்கார்ந்தபோது மூலக் கோப்புகளைக் காணோம். பலவற்றைத் திரும்பவும் செய்ய வேண்டியிருந்தது. 'சைலன்ட் ஹில் 2'-இன் எச்டி பதிப்பை 2012-இல் செய்தவர்கள் கையில் கிடைத்தது வேலை முடியாத நிரல். எங்கள் கடைக்கார அண்ணன் கீறல் விழுந்த டிஸ்க்கைப் பற்பசை தேய்த்து ஓட்டியதைப் பார்த்து அன்று சிரித்தோம். கோடிகளில் புரண்டவர்களைவிட அவர் பொறுப்பாக இருந்திருக்கிறார்.

இப்போது அக்கா மகன் வீட்டுக்கு வருவோம். பிஎஸ்5 வைத்திருக்கிறான். 825 ஜிபி. மல்யுத்தமும் இருக்கிறது, புதிது, இறக்கி முடிக்க ராத்திரி முழுக்க ஆகும். வியர்வைத் துளி உருண்டு ஓடுவது தெரிகிறது. ஆனால் சில வீரர்கள் பூட்டுப் போட்டு இருக்கிறார்கள். திறக்க ஆட்டத்துக்குள் செல்லும் காசு வேண்டும். அந்தக் காசை நிஜக் காசு கொடுத்து வாங்கலாம். "ஆடிச் சம்பாதிக்க முடியாதாடா?" என்றேன். "முடியும் மாமா. டைம் ஆகும்" என்றான். இருபது ரூபாய்க்கு ஒரு மணி நேரம் வாங்கியவனுக்கு இந்தப் பதில் புரிய வேண்டும். புரியவில்லை.

சந்தா கட்டினால் பழைய விளையாட்டெல்லாம் வரும் என்று அவன்தான் சொன்னான். அதில்தான் நம்மூருக்கு ஒரு விசேஷம். 2022-இல் சோனி சந்தாவைப் புதுப்பித்தபோது அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பானுக்கெல்லாம் 'பிரீமியம்' என்று ஒரு படி. அதில் பிஎஸ்3 விளையாட்டுகளை இணையம் வழியாக ஓட்டலாம். இந்தியாவுக்குக் கிடைத்தது 'டீலக்ஸ்'. பெயர் பிரமாதம். பிஎஸ்3 அதில் கிடையாது. பிஎஸ்2 விளையாட்டு என்று ஒரு கைப்பிடி இருக்கிறது, 'ரெஸ்லிங்' அதில் இல்லை. பழைய டிஸ்க்கைப் பிஎஸ்5-இல் போட்டால் ஏற்காது. முதலில் வந்த பிஎஸ்3-க்குள் பிஎஸ்2-வின் சில்லையே வைத்திருந்தார்கள். விலை குறைக்க வேண்டும் என்று பிறகு கழற்றிவிட்டார்கள். 2021-இல் பிஎஸ்3-இன் டவுன்லோடு கடையையே மூடப்போவதாக அறிவித்து, கூச்சல் எழுந்ததும் பின்வாங்கினார்கள்.

ஆக மிச்சம் பரணில் இருந்த பழைய பெட்டிதான். வேலைக்குப் போன புதிதில் வாங்கியது. புது டிவியில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஓட்டை மூன்றும் இல்லை. டவுன்ஹால் ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் எடுத்துப் போனேன். கையில் வாங்கி, மூடியைத் திறந்து, லென்ஸை ஊதி, ஒரு டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தார்.

"லென்ஸ் வீக்குண்ணே. மாத்தலாம், ஆனா புதுசுன்னு ஒண்ணு வராது. இன்னொரு செத்த பிஎஸ்2-லருந்து எடுத்துத்தான் போடணும்."

"வேற வழி?"

"டிஸ்க்கே வேணாம்ணே. மெமரி கார்டுல ஒரு சாஃப்ட்வேர் ஏத்தித் தர்றேன். பென்டிரைவ்ல போட்டு ஆடிக்கலாம். என்ன கேம் வேணும், சொல்லுங்க."

சொன்னேன். சிரித்தார். "எல்லாரும் அதத்தான்ணே கேக்குறாக."

எட்டு எம்பி கார்டில் விளையாட்டைச் சேமித்த காலம் போய், அதே கார்டு பெட்டியின் பூட்டைத் திறக்கும் சாவியாகிவிட்டது. மஞ்சள் ஒயரை எச்டிஎம்ஐ ஆக்கும் தீப்பெட்டி அளவு கன்வெர்ட்டர் ஒன்றும் கொடுத்தார். பெரிய டிவியில் படம் கொஞ்சம் கஞ்சி போட்ட வேட்டி மாதிரிதான் தெரிகிறது, பட்டன் அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் கை வீசுகிறான். பழைய குண்டு டிவி கிடைத்தால் அதில் ஆடுங்கள். அந்தப் படம் அந்த டிவிக்காகச் செய்தது. அக்கா மகன் கர்ட் ஆங்கிளிடம் வரிசையாகத் தோற்றான். பிறகு மூலையில் இருந்த உடல் படத்தைக் கவனித்தான். "மாமா, நீங்க ஒரே காலையே அடிக்கிறீங்க, இது போங்கு" என்றான். இருபது வருடத்துக்கு முன் அந்தப் பின்கட்டில் விழுந்த அதே வார்த்தை.

நம்மூர் சரக்கு ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. பிஎஸ்3 வந்த பிறகும் இந்தியாவில் பிஎஸ்2 விற்றுக்கொண்டே இருந்ததால், சோனி இங்குள்ளவர்களுக்கென்றே சில விளையாட்டுகளைச் செய்ய வைத்தது. 2009-இல் 'ஹனுமான்: பாய் வாரியர்'. ஹைதராபாத்தில் உருவானது, இந்தியாவிலேயே உருவான முதல் பிஎஸ்2 விளையாட்டு என்று விளம்பரம். கடவுளைப் பட்டன் அழுத்தி ஆட்டுவிப்பதா என்று அமெரிக்காவிலிருந்து ஓர் இந்து அமைப்புத் தலைவர் எதிர்ப்புத் தெரிவித்தார். அதே வருடம் 'தேசி அட்டா': கபடி, கில்லி, பட்டம். 2010-இல் தெருக் கிரிக்கெட்டை வைத்து 'ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்'. 2011-இல் ஷாருக் கானின் 'ரா.ஒன்'. 'ஹனுமான்' சிறந்த விளையாட்டு என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஓடி, குதித்து, கதாயுதத்தைச் சுழற்றினால் சீக்கிரமே அலுத்துவிடும். 'தேசி அட்டா'வின் கபடி பரவாயில்லை. கில்லியை டிவியில் ஆட ஒரு பெட்டி வேண்டுமா என்று அப்பா கேட்டார், அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால் நம்மவர்கள் ஒரு பெரிய வீட்டுப் பெட்டிக்கென்று சொந்தமாகச் செய்த தொடக்க கால முயற்சிகளில் இவையும் உண்டு. பழைய தமிழ்ப் படச்சுருள்கள் பல அழிந்துபோன கதை நமக்குத் தெரியும். இந்த டிஸ்க்குகளுக்கு இன்னும் இருபது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் மறுபதிப்பும் இல்லை, டவுன்லோடும் இல்லை.

வெளிநாட்டில் மட்டும் பழைய விளையாட்டுகள் வாழ்கின்றனவா என்றால் அங்கேயும் இழுபறிதான். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காதவை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. ஆய்வாளர்கள் வீட்டிலிருந்தே பார்க்கும்படி நூலகங்கள் பழைய விளையாட்டைத் திறந்துவிடலாமா என்று கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் கூடாது என்றது. மக்கள் ஜாலிக்காக ஆடிவிடுவார்கள் என்பது நிறுவனங்களின் கவலை. விளையாட்டை விளையாடிவிடுவார்கள் என்று பயப்படும் தொழில் உலகில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

16 கோடிக்கு மேல் விற்ற பெட்டி பிஎஸ்2. 2000 மார்ச் 4-இல் ஜப்பானில் பிறந்து, 2013 தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. அதனால் தமிழ்நாட்டிலும் எத்தனையோ பரண்களில் ஒன்று கிடக்கும். உங்கள் வீட்டில் இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். லென்ஸ் செத்திருந்தாலும் அது இன்னொரு பெட்டிக்கு உதிரி பாகம், மெக்கானிக்குகள் வாங்கிக்கொள்வார்கள். மெமரி கார்டைத் தனியாக எடுத்து வையுங்கள். 'தேசி அட்டா' அல்லது 'ஹனுமான்' அசல் டிஸ்க் வைத்திருப்பவர்கள் அட்டை, கையேடு எல்லாம் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். கம்பெனி மறுபடி விற்கும் என்று காத்திருக்க வேண்டாம்.